டி'குரூஸைச் சேமிக்க மறுக்கும் டேட்டாபேஸ்: சிறப்புக் குறிகளால் வரும் கோளாறுகள், அறிகுறிவாரியாக

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சங்கத்தின் கல்வி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் பதியும் மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் இல்லாத வேலை. சனிக்கிழமை பிற்பகல்களில் போய் உட்காருவேன். பொறுப்பேற்ற முதல் ஆண்டில் ஒரு மாணவியின் விண்ணப்பம் பதிவாகவே இல்லை. தட்டச்சு செய்யும் அக்கா மூன்று முறை முயன்றுவிட்டு, "தம்பி, இந்தப் பிள்ளையோட பெயரை மட்டும் எடுக்க மாட்டேங்குது. மேல இருக்கிற அந்தச் சின்னக் கோட்டை எடுத்துட்டேன், உடனே ஏறிடுச்சு" என்றார். சின்னக் கோடு என்று அவர் சொன்னது டி'குரூஸ் என்ற பெயரின் நடுவில் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறியை. இரண்டு மாதம் கழித்து அந்த மாணவிக்கு அனுப்பிய உதவித்தொகை திரும்பி வந்தது. வங்கிக் கணக்கில் இருந்த பெயரும் எங்கள் பட்டியலில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை.

பினாங்கில் எந்தப் பெயர்ப் பட்டியலைத் திறந்தாலும் குறிகள் இருக்கும். புலாவ் தீக்குஸ் பக்கத்து யுரேசியக் குடும்பங்களிலும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் டி'குரூஸ், டி'சில்வா, டி'சூசா உண்டு. மலாய்ப் பெயர்களில் நூ'மான், சா'அரி உண்டு. சீனர் பெயர்களில் மாற்றுப் பெயரைக் காட்ட நடுவில் @ வரும். நம் பெயர்களில் மகன், மகள் என்பதைக் காட்ட ஏ/எல், ஏ/பி என்று சாய்கோடு வரும். பள்ளியின் பெயரைக் கேட்டால் செயின்ட் ஜார்ஜ்'ஸ் கேர்ள்ஸ்' ஸ்கூல் என்று ஒரே பெயரில் இரண்டு குறிகள். இவற்றில் எது தொந்தரவு செய்யும், எது செய்யாது என்று பாராமல் எல்லாக் குறிகளையும் வழித்தெடுத்துவிடும் நிரல்களை நிறையப் பார்த்துவிட்டேன். @ குறியும் சாய்கோடும் மேற்கோளுக்குள் இருக்கும்வரை வெறும் எழுத்துகள்தான். அவற்றை நீக்குவதால் எந்தக் கோளாறும் தீராது. அடையாள அட்டையில் உள்ள பெயர் நம்மிடம் இல்லாமல் போவதுதான் மிச்சம்.

தொடங்கும் முன்

எதைத் தொடுவதற்கும் முன்னால் பேக்கப் எடுங்கள். கீழே சில இடங்களில் பழைய பதிவுகளைத் திருத்தச் சொல்லப் போகிறேன். அங்கே ஒரு பின்சாய்வு (\) கூடினாலும் குறைந்தாலும் ஆயிரம் பெயர்கள் கெட்டுவிடும்.

அப்புறம், நிரலில் எழுதியிருக்கும் வரியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. டேட்டாபேஸுக்குப் போய்ச் சேர்ந்த வரி எது என்று பாருங்கள். வினவலை, அதாவது குவெரியை, அனுப்புவதற்கு முந்தைய நொடியில் ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், வரும் வினவல்களை எல்லாம் எழுதிவைக்கும் பொதுப் பதிவேட்டைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டும் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் மூடிவிடுங்கள். அது வேகமாகப் பெருகும், அதில் மக்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் அப்படியே கிடக்கும்.

சேமித்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் திரையில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. திரைக்கு வரும் வழியில் பிரவுசர் சில குறிகளை மாற்றிக் காட்டும். எழுத்துகளை அவற்றின் எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் என்ற மைஎஸ்கியூஎல் செயற்கூற்றைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். சாதாரண ஒற்றைக் குறி 27 என்று வரும், பின்சாய்வு 5சி என்று வரும், போன்களில் விழும் வளைந்த குறி இ28099 என்று வரும். பாதிச் சண்டை இந்த மூன்று எண்களிலேயே முடிந்துவிடும்.

பெயரில் ' இருந்தால் சேமிக்க மறுக்கிறது

பெரும்பாலானவர்கள் முதலில் சந்திப்பது இதைத்தான். மைஎஸ்கியூஎல் என்றால் 1064 என்ற பிழை எண் வரும். போஸ்ட்கிரெஸ்ஸில் 42601, ஆரக்கிளில் பெரும்பாலும் 01756, எஸ்கியூஎல் செர்வரில் 102, 105. எண்கள் வேறானாலும் நடந்தது ஒன்றுதான். நிரல் இப்படி ஒரு வரியை ஒட்டி அனுப்பியிருக்கிறது:

பெயர் = 'டி'குரூஸ்'

டேட்டாபேஸ் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. முதல் குறியில் பெயர் தொடங்குகிறது. இரண்டாவது குறியில் பெயர் முடிந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆக, பெயர் வெறும் 'டி'. அதற்குப் பிறகு வரும் குரூஸ் என்பது என்ன கட்டளை என்று அதற்குப் புரியவில்லை. மைஎஸ்கியூஎல்லின் பிழைச் செய்தியில் 'இதன் அருகே' என்று ஒரு துண்டைக் காட்டும் அல்லவா, அந்தத் துண்டின் முதல் எழுத்தைப் பாருங்கள். குற்றம் செய்த குறி அதற்கு ஒட்டினாற்போல் முன்னால் இருக்கும்.

எஸ்கியூஎல் செர்வரில் இன்னொரு குறிப்பும் கிடைக்கும். மேற்கோள் மூடப்படவில்லை என்னும் 105 வந்தால் வரியில் மொத்தக் குறிகள் ஒற்றைப்படை: டி'குரூஸ் போல ஒரு குறி தவறி விழுந்திருக்கிறது. 105 வராமல் 102 மட்டும் வந்தால் குறிகள் இரட்டைப்படையாக இருக்க வாய்ப்புண்டு: செயின்ட் ஜார்ஜ்'ஸ் கேர்ள்ஸ்' ஸ்கூல் போன்ற பெயரைத் தேடுங்கள். நான் ஒருமுறை மாணவரின் பெயரிலேயே பிழையைத் தேடி அரை நாளைக் கழித்தேன். பிழை பள்ளிப் பெயர் இருக்கும் புலத்தில் இருந்தது.

சரி, தீர்வு. டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலைப்படி, மேற்கோளுக்குள் ஒற்றைக் குறி வேண்டுமென்றால் அதை இரண்டு முறை எழுதவேண்டும்: 'டி''குரூஸ்'. இது மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல்லைட், ஆரக்கிள், எஸ்கியூஎல் செர்வர் எல்லாவற்றிலும் செல்லும். மைஎஸ்கியூஎல் மட்டும் வழக்கமாகப் பின்சாய்வு போட்ட 'டி\'குரூஸ்' என்பதையும் ஏற்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் அதே நிரலைப் போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வார்கள். 2011-இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் சாதாரண மேற்கோளுக்குள் வரும் பின்சாய்வை வெறும் எழுத்தாகவே படிக்கிறது. அதனால் \ போட்டும் அடுத்து வரும் குறி மேற்கோளை மூடிவிடும். இப்படிக் குறியை வெறும் எழுத்தாகப் படிக்கச் சொல்வதுதான் எஸ்கேப். மைஎஸ்கியூஎல்லிலும் பின்சாய்வு எஸ்கேப்பை அணைக்கும் ஒரு அமைப்பு உண்டு. யாராவது அதை இயக்கிவிட்டால் நேற்று வரை ஓடிய நிரல் இன்று விழும்.

இதனால்தான் கையால் எஸ்கேப் செய்யவேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டைப் பயன்படுத்துங்கள். வினவலில் பெயர் வரவேண்டிய இடத்தில் ? குறியை மட்டும் வைத்து, பெயரைத் தனியாகக் கொடுப்பது அது:

பெயர் = ?

கட்டளை ஒரு வழியில் போகிறது, பெயர் இன்னொரு வழியில் போகிறது. பெயருக்குள் எத்தனை குறி இருந்தாலும் அது கட்டளையாகப் படிக்கப்படாது. பிஎச்பி, பைதான், ஜாவா எல்லாவற்றிலும் இந்த வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. சில மொழிகளில் ? குறிக்குப் பதில் வேறு அடையாளம் வரும், அவ்வளவுதான்.

பாதுகாப்பும் இதில்தான் அடங்கியிருக்கிறது. டி'குரூஸ் என்ற பெயர் படிவத்தை விழவைக்கிறது என்றால், அதே இடத்தில் ஒரு குறியால் மேற்கோளை மூடிவிட்டு, பின்னால் தன் சொந்தக் கட்டளையை ஒருவர் எழுத முடியும் என்று பொருள். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்று சொல்வது இதைத்தான். எங்கள் பட்டியலில் பிள்ளைகளின் முகவரியும் பெற்றோரின் வருமானமும் இருக்கின்றன. ஒரு பெயர் பதிவாகவில்லை என்று அக்கா சொன்ன அன்று நான் பயந்தது அந்தப் பெயரைப் பற்றி மட்டும் இல்லை.

? குறிக்கு மாறியவர்கள் உடனே செய்யும் ஒரு தவறு: பழைய பழக்கத்தில் அதைச் சுற்றியும் மேற்கோள் போடுவது. '?' என்று எழுதினால் அது வெறும் கேள்விக்குறி என்ற எழுத்து ஆகிவிடும். கொடுத்த மதிப்புகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று பிழை வரும். மேற்கோளை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, டேபிளின் பெயரையும் புலத்தின் பெயரையும் ? குறி வழியாகக் கொடுக்க முடியாது. எந்தப் புலத்தை வைத்து வரிசைப்படுத்துவது என்று பயனர் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், அனுமதிக்கப்பட்ட புலப் பெயர்களை நிரலிலேயே எழுதிவைத்து, வந்தது அவற்றில் ஒன்றா என்று சரிபார்த்த பிறகே வினவலில் சேர்க்கவேண்டும். இதற்கு எஸ்கேப் செய்வது தீர்வாகாது.

சேமிக்கிறது, ஆனால் பின்சாய்வு முளைக்கிறது

டி\'குரூஸ் என்று திரையில் தெரிகிறது. பதிவைத் திறந்து முகவரியை மட்டும் மாற்றிச் சேமித்தால் பெயர் டி\\\'குரூஸ் ஆகிறது. மறுபடி சேமித்தால் ஏழு பின்சாய்வுகள். எண்ணிப் பாருங்கள்: 1, 3, 7, 15. ஒவ்வொரு முறையும் இருக்கும் பின்சாய்வுகள் இரட்டிப்பாகி, குறிக்காக ஒன்று கூடுகிறது. ஆகவே பின்சாய்வுகளை எண்ணினாலே அந்தப் பதிவு எத்தனை முறை சேமிக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஏழு இருந்தால் மூன்று முறை.

காரணம், ஒரே வேலையை இரண்டு பேர் செய்வது. ஓர் அடுக்கு எஸ்கேப் செய்த பெயரை அடுத்த அடுக்கு வெறும் பெயர் என்று நினைத்து மறுபடி எஸ்கேப் செய்கிறது. டேட்டாபேஸ் அவற்றில் ஒன்றைத்தான் அவிழ்க்கும், மற்றொன்று பெயரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். பழைய பிஎச்பியில் மேஜிக் கோட்ஸ் என்று ஓர் அமைப்பு இருந்தது. படிவத்தில் வரும் எல்லாவற்றுக்கும் அது தானாகவே பின்சாய்வு போட்டுவிடும். 2012-இல் வந்த 5.4 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து நிரலைப் புதிய செர்வருக்கு மாற்றியவர்கள் பலர், பழையபடி நடக்கட்டும் என்று மேஜிக் கோட்ஸ் செய்த வேலையைத் தாங்களே ஒரு கோப்பில் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். பின்சாய்வு சேர்க்கும் ஆட்ஸ்லாஷஸ் என்ற செயற்கூற்றின் பெயரை உங்கள் கோப்புகள் முழுவதிலும் தேடுங்கள். பெரும்பாலும் எல்லாப் பக்கங்களும் முதலில் அழைக்கும் பொதுக் கோப்பில் அது உட்கார்ந்திருக்கும்.

வினவல்களை ? குறிக்கு மாற்றிவிட்டு, அதை எடுத்துவிடுங்கள். இந்த வரிசை முக்கியம்: எல்லா வினவல்களும் மாறிய பிறகே ஆட்ஸ்லாஷஸை நீக்கவேண்டும். முன்னதாக நீக்கினால் மாறாத பக்கங்கள் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடக்கும்.

படிவம் சரியான பிறகுதான் பழைய பதிவுகளைத் துடைக்கவேண்டும். ஒற்றைக் குறிக்கு முன்னால் உள்ள பின்சாய்வை எடுத்துவிடும் ரிப்ளேஸ் கட்டளையை, மாறும் பதிவுகள் பூச்சியம் என்று வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டினால் போதும். ஒவ்வோர் ஓட்டமும் ஒன்றைக் குறைக்கும். எல்லாப் பின்சாய்வுகளையும் ஒரேயடியாக அழிக்க ஆசை வரும். குறிப்புப் புலத்தில் யாராவது கோப்பின் இருப்பிடத்தை எழுதியிருந்தால் அதுவும் போய்விடும், எனவே செய்யாதீர்கள். காட்டும் இடத்தில், பின்சாய்வை எடுத்துவிடும் ஸ்டிரிப்ஸ்லாஷஸைப் போட்டு மறைப்பதும் வேண்டாம். திரை சுத்தமாகத் தெரியும், தேடலும் வங்கிக்குப் போகும் பட்டியலும் கெட்டே இருக்கும்.

தமிழ் எழுத்துக்குப் பதில் 'யு0பி', 'யு0பி' என்று வரிசையாக

நம் மொழிக்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் கோளாறு இது. தமிழில் வந்து கேட்பவர்களுக்குச் சரியான விளக்கம் கிடைப்பதும் அரிது. தமிழ் என்று சேமித்த இடத்தில் ஆங்கில எழுத்து யு, பூச்சியம், பி, ஏ, 4. மறுபடி யு, பூச்சியம், பி, ஏ, இ என்று இடைவெளி இல்லாமல் ஓடும்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண்கள் எல்லாம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. தரவை ஜேசன் என்ற எழுத்து வடிவுக்கு மாற்றும் பிஎச்பியின் ஜேசன் என்கோட், வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் பின்சாய்வு, யு, அந்த நான்கிலக்க எண் என்று எழுதும். அது சரியான ஜேசன்தான். அந்த எழுத்துக் கோவையை எஸ்கேப் செய்யாமல் மைஎஸ்கியூஎல் வினவலில் ஒட்டினால், பின்சாய்வை அடுத்து யு வருவதை மைஎஸ்கியூஎல் அறியாது. தனக்குத் தெரியாத எஸ்கேப் என்றால் அது பின்சாய்வை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த எழுத்தை வைத்துக்கொள்ளும். மிஞ்சுவது யு0பிஏ4. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை. மாதக்கணக்கில் கவனிக்காமல் போகலாம்.

சேமிக்கும் வினவலை ? குறிக்கு மாற்றினால் பின்சாய்வு பிழைத்துக்கொள்ளும். கூடவே, யூனிகோடை எஸ்கேப் செய்யாதே என்ற கொடியை ஜேசன் என்கோடுக்குக் கொடுங்கள். பிஎச்பி 5.4 முதல் அது இருக்கிறது. டேட்டாபேஸைத் திறந்து பார்ப்பவருக்குத் தமிழ் தமிழாகவே தெரியும்.

கெட்டுப்போன பதிவுகளுக்காகக் கலங்கவேண்டாம், இதை மீட்க முடியும். யு, 0, பி, அதன்பின் பதினாறடிமான இலக்கம் இரண்டு என்ற ஐந்து எழுத்துத் துண்டுகள் எங்கே வந்தாலும் முன்னால் பின்சாய்வைச் சேர்த்து ஜேசன் டிகோட் செய்தால் தமிழ் திரும்பி வரும். இயல்பான ஆங்கிலச் சொல் எதிலும் அந்தக் கோவை வராது என்பதால் தவறு நேரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அதே பதிவில் மேற்கோள் குறிகளுக்கு முன்னால் இருந்த பின்சாய்வுகளும் சாப்பிடப்பட்டிருக்கும். அந்த ஜேசனைக் கையால்தான் சரிசெய்யவேண்டியிருக்கும்.

இதே காரணத்தால் கோப்புகளின் இருப்பிடமும் உடையும். 'டி:\படங்கள்' என்று வினவலில் ஒட்டினால் மைஎஸ்கியூஎல்லில் 'டி:படங்கள்' என்று சேமிக்கப்படும். கோப்புறையின் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்து n-இல் தொடங்கினால் நடுவில் புதிய வரியே விழும், t-இல் தொடங்கினால் டேப் விழும். தீர்வு முன்பு சொன்னதுதான்.

தேடினால் எல்லாமே வருகிறது, அல்லது எதுவுமே வருவதில்லை

? குறிக்கு மாறிய பிறகும் இந்தக் கோளாறு இருக்கும், அதனால் தனியாகக் கவனிக்கவேண்டும். பெயரின் ஒரு பகுதியை வைத்தும் தேட உதவும் லைக் தேடலில் % என்பது எத்தனை எழுத்தானாலும் என்றும், _ என்பது ஏதோ ஓர் எழுத்து என்றும் பொருள்படும். 50% கட்டணச் சலுகை என்ற குறிப்பைத் தேடினால் 500 என்று தொடங்கும் பதிவும் வந்துவிடலாம். கோப்பு எண்ணில் அடிக்கோடு வைத்திருந்தால் தொடர்பில்லாத எண்கள் வந்து சேரும். ? குறி மேற்கோள்களிலிருந்து காக்கும், இந்த இரண்டையும் அது தொடாது.

இவற்றை நீங்களே எஸ்கேப் செய்யவேண்டும். மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் லைக்குக்கு இயல்பான எஸ்கேப் குறி பின்சாய்வு. எஸ்கியூஎல்லைட், ஆரக்கிள், எஸ்கியூஎல் செர்வர் மூன்றிலும் இயல்பாக எதுவும் இல்லை, எஸ்கேப் என்ற சொல்லைச் சேர்த்து ஒரு குறியைச் சொல்லவேண்டும். நான் எல்லா இடத்திலும் எஸ்கேப் '!' என்றே எழுதுகிறேன். பின்சாய்வை வைத்தால், மைஎஸ்கியூஎல்லில் வினவலுக்குள் நேரடியாக எழுதும்போது ஒரே ஒரு பின்சாய்வைத் தேட நான்கு பின்சாய்வுகள் போடவேண்டிவரும்: மேற்கோள் ஒரு முறை பாதியாக்கும், லைக் மறுமுறை பாதியாக்கும். ஆச்சரியக்குறிக்கு அந்தத் தலைவலி இல்லை. மாற்றும் வரிசை: முதலில் ! குறியை !! ஆக்குங்கள், பிறகு % குறியை !% ஆகவும் _ குறியை !_ ஆகவும் மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் நீங்கள் போட்ட ! குறிகளே இரட்டிப்பாகும். எஸ்கியூஎல் செர்வரில் சதுர அடைப்பின் திறப்புக்கும் லைக்கில் தனிப் பொருள் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கோட்டை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. _ என்பது கண்ணுக்குத் தெரியும் ஓர் எழுத்து என்று நினைக்காதீர்கள். குமார் என்பது நமக்கு மூன்று எழுத்து. டேட்டாபேஸுக்கு க, அதன் உகரக் குறி, ம, அதன் கால், ர, புள்ளி என்று ஆறு. மூன்று அடிக்கோடு போட்டால் குமார் வரமாட்டார்.

எதுவும் வரவில்லை என்ற பக்கத்துக்கு வருவோம். பதிவு இருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம், தேடினால் இல்லை. போனில் பதிந்த பெயரா என்று கேளுங்கள். ஐபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஒற்றைக் குறியைத் தட்டினால் இயல்பாகவே வளைந்த குறி ’ விழும். கணினி விசைப்பலகையில் நேர்க் குறி ' விழும். பெற்றோர் போனில் விண்ணப்பிக்கிறார்கள், அக்கா கணினியில் தேடுகிறார். இரண்டும் வேறு வேறு எழுத்துகள். முன்னே சொன்ன ஹெக்ஸில் ஒன்று 27, மற்றொன்று இ28099. நாங்கள் பெயர்ப் புலத்தில் மட்டும், சேமிக்கும்போதும் தேடும்போதும் வளைந்த குறியை நேர்க் குறியாக்குகிறோம். பெயரை மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் செய்யலாமா என்று நானும் யோசித்தேன். அது போன் தானாகப் போட்ட குறி, பெயருக்கு உரியவர் தேர்ந்தெடுத்தது இல்லை என்பதால் செய்யலாம் என்று முடிவு செய்தேன்.

பெயரில் ' என்று தெரிகிறது

இது டேட்டாபேஸின் எஸ்கேப் இல்லை, இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லுடையது. பிரவுசரில் காட்டும்போது செய்யவேண்டிய மாற்றத்தை யாரோ சேமிக்கும்போதே செய்துவிட்டார்கள். பிரவுசரில் பார்த்தால் சரியாகத் தெரியும், அச்சிட்ட கடிதத்திலோ எக்செல் கோப்பிலோதான் வெளிப்படும். சேமிக்கும் இடத்திலிருந்து அந்த மாற்றத்தை எடுத்து, காட்டும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். காட்டும் இடத்தில் கட்டாயம் இருக்கவேண்டும், அதை நீக்கிவிடாதீர்கள்.

+60-இல் உள்ள + காணாமல் போகிறது

தொலைபேசி எண்ணை இணைய முகவரியில் ? குறிக்குப் பின் வரும் கேள்விப் பகுதியில் அனுப்பினால் + குறி இடைவெளியாகிவிடும். டேட்டாபேஸில் இடைவெளியும் 60-உம் இருந்தால் காரணம் இதுதான். அதே இடத்தில் & வந்தால் மதிப்பு அங்கேயே வெட்டுப்படும். ஏதோ ஒரு கடை '& சன்ஸ்' என்று முடிந்தால் சன்ஸ் வந்து சேராது. # வந்தால் அதற்குப் பின்னால் உள்ளது செர்வருக்கே போகாது. முகவரியைக் கையால் ஒட்டாமல், அதற்கென்று மொழியில் உள்ள செயற்கூற்றால் என்கோட் செய்யுங்கள்.

இதன் உறவுக்காரக் கோளாறு ஒன்று: டேட்டாபேஸின் கடவுச்சொல்லை மாற்றிய நிமிடமே தொடர்பு அறுந்துவிடும். இணைப்பு முகவரியாக ஒரே வரியில் எழுதும் அமைப்பாக இருந்து, புதிய கடவுச்சொல்லில் @ இருந்தால், அதற்குப் பின்னால் உள்ளதைச் செர்வரின் பெயர் என்று சில நிரலகங்கள் எடுத்துக்கொள்ளும். @ குறியை %40 என்றும், # குறியை %23 என்றும், % குறியை %25 என்றும் எழுதுங்கள்.

ஆரக்கிளுக்குக் கட்டளை தட்டும் எஸ்கியூஎல் பிளஸ் கருவியில் & இருந்தால், ஏதோ மதிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்கும். டிஃபைன் அமைப்பை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

வரிசையாக ???

எஸ்கேப்புக்கு இதில் பங்கே இல்லை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறி ஆகியிருந்தால், வழியில் எங்கோ தமிழ் அறியாத எழுத்துத் தொகுதி இருக்கிறது. அப்படிச் சேமித்தவை திரும்பி வராது, மூலப் படிவத்திலிருந்து மறுபடி பதியவேண்டும். ® குறி திரும்பத் திரும்ப வந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிப்பவர்தான் தவறாகப் படிக்கிறார். டேபிள், இணைப்பு இரண்டையும் யுடிஎஃப்8எம்பி4-க்குக் கொண்டுவாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0-க்கு முன் இயல்பான தொகுதி லத்தீன்1 ஆக இருந்தது.

பழைய பட்டியலை ஏற்றும்போது மட்டும் விழுகிறது

சங்கங்களிலும் கோயில்களிலும் யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் இன்னும் இருக்கின்றன. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய தமிழ், கணினிக்கு ஆங்கிலக் குறிகளின் கோவைதான். தமிழ் என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. நம் புள்ளி இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அரைப்புள்ளி உட்கார்ந்திருக்கிறது. எஸ்கியூஎல்லில் அரைப்புள்ளி கட்டளை முடிவு. மேற்கோளுக்குள் இருந்தால் டேட்டாபேஸ் குழம்பாது, ஆனால் கோப்பை அரைப்புள்ளி வாரியாக வெட்டி அனுப்பும் எளிய ஏற்றும் நிரல்கள் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் வரியை வெட்டிவிடும். முதலில் வெளியே வைத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு ஏற்றுங்கள்.

சீன மொழிப் பட்டியல் பிக்5 குறியேற்றத்தில் இருந்தால் இதைவிட நுட்பமான ஒன்று நடக்கும். பினாங்கில் காவ் என்று எழுதப்படும் குடும்பப் பெயரின் எழுத்து பிக்5-இல் இரண்டு பைட்டுகள், இரண்டாவது பைட் 5சி. பின்சாய்வின் எண்ணும் அதுவே. ஆட்ஸ்லாஷஸ் அதைப் பின்சாய்வு என்று நினைத்து இன்னொன்றைச் சேர்க்கும். எழுத்துத் தொகுதியை இணைப்பிலேயே, அதற்குரிய செயற்கூற்றால் அமைத்தால்தான் எஸ்கேப் செய்யும் நிரலுக்கு எழுத்தின் எல்லை தெரியும். செட் நேம்ஸ் என்று வினவலாக அனுப்பினால் செர்வருக்குத் தெரியும், உங்கள் பக்கத்து நிரலகத்துக்குத் தெரியாது.

குறி இல்லாமலே பதிந்துவிட்ட பெயர்கள்

பின்சாய்வு கூடியதைக் கட்டளையால் துடைக்கலாம். பதியும்போதே அக்கா எடுத்துவிட்ட குறியை எந்தக் கட்டளையாலும் கண்டுபிடிக்க முடியாது. டிகுரூஸ் என்று இருப்பது உண்மையிலேயே அப்படி எழுதப்படும் பெயரா, குறி போன பெயரா என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. படிவத்தைச் சரிசெய்த பிறகு நானும் அக்காவும் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து, கோப்புறைகளில் இருந்த அடையாள அட்டை நகல்களோடு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்டோம். 17 பெயர்கள் மாறின. ஒவ்வொன்றையும் அக்காவே தட்டினார், குறியோடு. சேமித்ததும் மறுபடி திறந்து, எதையும் மாற்றாமல் இரண்டு முறை சேமித்து, பெயரைத் தேடிப் பார்த்து, கடிதத்தில் அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த கோப்புறையை எடுத்தோம். புதிய படிவம் எதைச் செய்தாலும் இன்றும் இதே சோதனைகளைத்தான் ஐந்து பெயர்களை வைத்து ஓட்டுகிறேன்: ஒரு டி'குரூஸ், ஒரு நூ'மான், @ உள்ள ஒரு பெயர், ஏ/பி உள்ள ஒரு பெயர், செயின்ட் ஜார்ஜ்'ஸ் கேர்ள்ஸ்' ஸ்கூல்.